மூலமாதிரியும் நாட்டுப்பெயரும்: தமிழகக் காட்டுத் தாவரங்கள் பெயர்பெற்ற வரலாறு

தமிழ்நாட்டில் பதிவாகியுள்ள பூக்கும் தாவரச் சிற்றினங்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் பெரும்பகுதி யாரும் விதைக்காமல், நீர் பாய்ச்சாமல், காட்டிலும் கரட்டிலும் வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் தாமே முளைப்பவை. இவற்றுக்கு இரண்டு வகைப் பெயர்கள் உண்டு. ஆடு மேய்ப்பவரும் நாட்டு வைத்தியரும் விறகு வெட்டுபவரும் தலைமுறைகளாகச் சொல்லிவரும் நாட்டுப்பெயர் ஒன்று. உலகெங்கும் ஒரே வடிவில் எழுதப்படும் இலத்தீன் பெயர் மற்றொன்று. இரண்டுமே வகைப்பாட்டின் விளைவுகள்தாம். ஆனால் அவற்றைத் தாங்கும் அடித்தளம் வேறு. நாட்டுப்பெயர் செடியைப் புழங்குவோரின் நினைவில் நிற்கிறது. இலத்தீன் பெயர், எங்கோ ஓர் உலர்தாவரகத்தில் தாளில் ஒட்டி வைத்திருக்கும் ஒரு செடியின்மேல் நிற்கிறது. ஒன்றை மற்றொன்றோடு சரியாக இணைப்பதே வட்டாரத் தாவரவியலின் தலையாய வேலை. அந்த இணைப்பில் நேர்ந்த பிழைகள் மருந்துக் கடை வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நாட்டு வகைப்பாடு

தமிழ் நாட்டுப்பெயர்களில் பெரும்பாலானவை ஒரு பொதுச்சொல்லும் அதற்கு முன் ஓர் அடையும் கொண்டவை. வேல் என்பது ஒரு முள்மரக் கூட்டத்தின் பொதுப்பெயர். பட்டை கறுத்தது கருவேல், பட்டை வெளிறியது வெள்வேல், குடைபோல உச்சி விரிந்தது குடைவேல். தென்மாவட்டங்களில் குடைவேலுக்கு உடைமரம் என்றும் பெயர். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய முள்மரம் இதே வரிசையில் சீமைக்கருவேல் ஆயிற்று. அடைமொழிகளுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிறு, பெரு என்பவை அளவையும், வெண், செங், கரு என்பவை நிறத்தையும் சொல்லும். மலை, நீர், காட்டு என்பவை வாழிடத்தைக் காட்டும். பேய் என்ற அடை வந்தால் அச்செடி உணவுக்கு ஆகாது, கசக்கும் என்று கொள்ளலாம். பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு எல்லாம் அப்படிப்பட்டவை. புதிதாகக் காட்டுக்குள் நுழையும் சிறுவனுக்கு இந்த ஒரு சொல்லே எச்சரிக்கையாக அமைந்துவிடுகிறது. பயன்பாட்டிலிருந்து பிறந்த வகைப்பாட்டின் பெரிய வலிமை இது.

வரம்பும் அங்கேயே இருக்கிறது. சிறுநெருஞ்சில், பெருநெருஞ்சில் என்ற இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்போல ஒலிக்கின்றன. காயில் முள்; வளர்வது வறண்ட நிலம்; இரண்டும் சிறுநீர் தொடர்பான நோய்களுக்கு மருந்து. புழங்குபவருக்கு இந்த ஒற்றுமைகள் போதும். தாவரவியலில் இவை நெருங்கிய உறவே அல்ல. தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும் சிறுநெருஞ்சில் ட்ரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ். அதன் குடும்பம் சைகோஃபில்லேசி. பெருநெருஞ்சில் பெடாலியம் மியூரெக்ஸ். அது எள்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தழையை நீரில் கலக்கினால் நீர் கொழகொழவென்று ஆகும். சிறுநெருஞ்சிலுக்கு அந்தக் குணம் இல்லை.

பயன்பாட்டை விட்டு உடலமைப்பை மட்டும் வைத்துப் பிரிக்கும் முயற்சியும் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், தாவரங்களை வயிரம் எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தது புல். உட்புறம் வயிரம் பாய்ந்தது மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் எவ்வளவு உயர்ந்தாலும் புல் இனத்தில்தான் சேரும். இன்றைய தாவரவியல் ஒருவித்திலைத் தாவரங்கள், இருவித்திலைத் தாவரங்கள் என்று பிரிக்கும்போது இதே மரங்கள் இதே பக்கங்களில்தான் பெரும்பாலும் விழுகின்றன. காரணம் உள்ளமைப்பில் இருக்கிறது. பனையின் தண்டில் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடப்பதோடு புறப்பகுதியில் நெருங்கியும் நிற்கின்றன. ஆகவே வெளிப்புறம் கடினம். வேம்பின் தண்டில் ஆண்டுதோறும் புதிய கட்டை வெளியே சேர, பழையது நடுவில் வயிரமாகிறது. மரபியல் இன்னும் ஓரடி முன்னே போய், இரண்டு பிரிவுகளின் உறுப்புகளுக்கும் தனித்தனிச் சொற்களை வகுக்கிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லுக்கு. இலை, தளிர், சினை, அரும்பு முதலியன மரத்துக்கு. உறுப்புகளுக்குத் திட்டமான கலைச்சொல் இல்லாமல் வகைப்பாடு நடக்காது என்ற உணர்வு அதில் தெரிகிறது.

ஆனால் அந்த மரபு, சொல்லுக்கு உரிய செடியைப் பாதுகாத்து வைக்கும் வழக்கத்தை உருவாக்கவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களின் பெயரை அடுக்குகிறது. செங்காந்தளும் ஆம்பலும் எவை என்பதில் ஐயமில்லை. வேறு பல பூக்கள் எவை என்பதில் உரையாசிரியர்களும் பி. எல். சாமி போன்ற பிற்கால ஆய்வாளர்களும் உழைத்திருக்கிறார்கள். இலக்கியக் குறிப்புகளையும் இன்றைய நாட்டுப்பெயர்களையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர முடிகிறது. சொல் தப்பிப் பிழைத்தும், அது சுட்டிய செடி கைநழுவிய இடங்கள் இவை.

மலபாரும் இலங்கையும்

தென்னிந்தியத் தாவரங்களை ஐரோப்பிய அறிவியலுக்குள் கொண்டுசென்ற முதல் பெருநூல் ஹோர்ட்டஸ் மலபாரிகஸ். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்த இந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 742 தாவரங்கள், பெரிய செப்புத் தகட்டுப் படங்களோடு இதில் இடம்பெற்றன. மருத்துவ அறிவு இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரிடமிருந்தும் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களிடமிருந்தும் வந்தது. செடிகளின் மலையாளப் பெயர்களே நூலில் தலைப்புகள். ஐரோப்பியத் தாவரவியலாளர் கண்டிராத நாட்டின் செடிகளை அந்நாட்டார் வைத்த பெயராலேயே அறிமுகப்படுத்தியது வான் ரீட்டின் நல்ல முடிவு. அதன் பயனாகவே ஏலத்தின் பேரினம் எலெட்டேரியா, அழிஞ்சிலின் பேரினம் அலாஞ்சியம், பாலை மரத்தின் பேரினம் மணில்காரா என்று தென்னாட்டு ஒலிகள் இலத்தீனுக்குள் நிலைத்தன. முருங்கையின் மொரிங்காவும் தென்னாட்டுச் சொல்தான்.

ஒரு குறை மட்டும் பெரிது. வான் ரீட் உலர்மாதிரிகளை விட்டுச்செல்லவில்லை. பின்வந்தோர் படத்தைப் பார்த்தே செடியைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கேரளத் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால், நூலில் உள்ள செடிகளை அதே மலபாரில் மீண்டும் தேடிச் சேகரித்துப் படங்களோடு பொருத்திப் பார்ப்பதற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். நூலின் ஆங்கிலப் பதிப்பும் அவரால் வந்தது.

இலங்கையின் கதை வேறு. 1670களில் அங்கே டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த பால் ஹெர்மன் செடிகளை உலர்த்தி வைத்திருந்தார். அந்த மாதிரிகள் கைமாறிக் கடைசியில் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸிடம் சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து அவர் 1747இல் ஃப்ளோரா சைலானிகா எழுதினார். இன்று அத்தொகுப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் வேலியோரங்களில் வெள்ளைப் பூவோடு நிற்கும் கொடிவேலிக்கு பிளம்பாகோ சைலானிகா என்று இலங்கையின் பெயர் வந்ததற்கு ஒரே காரணம், அறிவியலின் மேசைக்கு முதலில் போய்ச் சேர்ந்த மாதிரிகள் இலங்கையிலிருந்து போனவை என்பதுதான்.

1753இல் லின்னேயஸ் வெளியிட்ட ஸ்பீசிஸ் பிளான்டாரம், தாவரப் பெயரிடலின் தொடக்கப் புள்ளியாக இன்று ஏற்கப்பட்டுள்ளது. அதற்கு முன் ஒரு செடியின் பெயர் ஒரு நீண்ட விளக்கத் தொடர். லின்னேயஸ் அதைப் பேரினச் சொல், சிற்றினச் சொல் என இரண்டாகச் சுருக்கினார். சிற்றினச் சொல் செடியைச் சரியாக விவரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது அடையாளம் மட்டுமே. கண்டங்கத்திரி இதற்கு நல்ல சான்று. நம் தரிசு நிலங்களின் செடியான அதற்கு லின்னேயஸ் சொலானம் விர்ஜினியானம் என்று பெயரிட்டார். அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கும் கண்டங்கத்திரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இடம் தவறு என்பதற்காக மட்டும் ஒரு பெயரைத் தள்ளக் கூடாது என்பது விதி. ஆகவே முந்தி வந்த அப்பெயரே செல்லுபடியாகிறது. சுரட்டென்ஸ், சாந்தோகார்ப்பம் என்ற பொருத்தமான பெயர்கள் இணைப்பெயர்களாக ஒதுங்கிவிட்டன.

தரங்கம்பாடியிலிருந்து கோயம்புத்தூர் வரை

தமிழ்நாட்டு மண்ணில் முறையான தாவரச் சேகரிப்பு தரங்கம்பாடியில் தொடங்கியது. லின்னேயஸின் மாணவரான யோகான் கெரார்டு கோனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்தார். அவர் அனுப்பிய செடிகளில் ஒன்று கறிவேப்பிலை. ஆசிரியர் அதற்கு மாணவரின் நினைவாக பெர்ஜெரா கோனிகி என்று பெயரிட்டார். பின்னர் அது முர்ராயா பேரினத்துக்கு மாற்றப்பட்டு, இருநூறு ஆண்டுகள் நூல்களில் முர்ராயா கோனிகி என்று வழங்கியது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு மீண்டும் பெர்ஜெராவுக்கே திரும்பியிருக்கிறது. பேரினம் இருமுறை மாறியும் கோனிகி என்ற சொல் அழியவில்லை. எந்தப் பேரினத்துக்குப் போனாலும் சிற்றினச் சொல் கூடவே போகும் என்ற விதி, இப்படித்தான் ஒரு செடியின் வரலாற்றை அதன் பெயரிலேயே காத்து வைக்கிறது.

கோனிக்கைச் சுற்றி ஒரு குழு உருவாயிற்று. யோகான் பீட்டர் ரோட்லர் 1776இல் வந்து, 1836இல் சென்னையில் இறக்கும் வரை தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தார். தமிழ் – ஆங்கில அகராதி தொகுத்தவராகவே தமிழுலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் பலர் புதிய சிற்றினங்களை விவரித்தது அவர் உலர்த்தி அனுப்பிய மாதிரிகளிலிருந்து. ஒரே மனிதர் ஒரு நிலத்தின் சொற்களையும் செடிகளையும் சேர்த்துச் சேகரித்தது அரிய நிகழ்வு. தரங்கம்பாடி மிஷன் மருத்துவர் க்ளைன் பெர்லினிலிருந்த தாவரவியலாளர் வில்டெனோவுக்குச் செடிகள் அனுப்பினார். அவற்றில் ஒன்று கீழாநெல்லியின் கதையில் மீண்டும் வரும். கோனிக்கிடம் பழகிய வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பெரிய வண்ணப் படங்களோடு 1795 முதல் வெளியிடலானார்.

அடுத்த தலைமுறையில் ராபர்ட் வைட் தனித்து நிற்கிறார். 1819இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னை வந்த இவர், 1853இல் நாடு திரும்பும் வரை தென்னிந்தியத் தாவரங்களை விடாமல் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய ஐகோனஸ் நூலில் 2101 படங்கள் உள்ளன. ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்தார்கள். பூவைப் பிளந்து மகரந்தத் தாளையும் சூலகத்தையும் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டும் அவர்களுடைய படங்கள் இன்றும் சிற்றினத்தை உறுதிசெய்யப் பயன்படுகின்றன. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயியா என்று தம் ஓவியரின் பெயரை வைத்தார். அப்பேரினம் பிறகு டிரோபிடியாவுக்குள் கரைந்துவிட்டாலும், அந்தக் காலத்தில் ஓர் இந்திய ஓவியருக்குக் கிடைத்த அந்த மதிப்பு எளிதில் கடந்து போகக்கூடியது அல்ல. ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கின் டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்ற பெயரும் வைட்டும் தாவரவியலாளர் வாக்கர்-ஆர்னாட்டும் சேர்ந்து தந்தது.

வைட்டின் மாதிரிகளில் முக்கியமானவை இன்று லண்டன் கியூ தோட்டத்திலும் எடின்பரோவிலும் உள்ளன. குற்றாலத்திலோ பழனி மலையிலோ புதிதாக ஒரு செடியைக் கண்டவர், அது வைட் ஏற்கெனவே விவரித்தது அல்ல என்று நிறுவ வேண்டுமானால், நெடுங்காலம் அந்த நகரங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அல்லது அங்கிருப்பவரின் சொல்லை நம்ப வேண்டியிருந்தது. உள்நாட்டுத் தொகுப்பு 1853இல் கிளெக்ஹார்ன் சென்னையில் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. பின்னர் கோயம்புத்தூருக்குப் போன அது, இப்போது இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத்தில் சென்னை உலர்தாவரகம் என்ற பழைய பெயரோடே இருக்கிறது. கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் இத்தொகுப்பையும் கியூ தொகுப்பையும் கொண்டே எழுதப்பட்டது. 1980களில் திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் கே. எம். மேத்யூ, தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரநூலை வெளியிட்டார். கேம்பிளை மீண்டும் எழுதாமல், களத்தில் புதிதாகச் சேகரித்த மாதிரிகளின்மேல் அதைக் கட்டினார் என்பதே அந்நூலின் தனிச்சிறப்பு.

மூலமாதிரி

ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு விளக்கமும் படமும் இறுதி விடை தர முடியாது. விளக்கம் எழுதியவர் கவனிக்காமல் விட்ட ஒரு பண்பு, நூறு ஆண்டுக்குப் பின் இரண்டு சிற்றினங்களைப் பிரிக்கும் பண்பாக மாறலாம். ஆகவே ஒவ்வொரு பெயரும் ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு நிரந்தரமாகக் கட்டப்படுகிறது. அதுவே மூலமாதிரி, ஆய்வாளர்கள் டைப் என்பார்கள். 1958 சனவரி 1 முதல் மூலமாதிரியைச் சுட்டாத புதிய சிற்றினப் பெயர் செல்லாது. மூலமாதிரி அச்சிற்றினத்தின் சிறந்த எடுத்துக்காட்டாக இருக்க வேண்டியதில்லை. புழு அரித்திருக்கலாம், இலை உதிர்ந்திருக்கலாம். பெயர் அதனிடமே இருக்கும்.

கீழாநெல்லி இதன் தேவையைத் தெளிவாக்குகிறது. காமாலைக்குத் தமிழகம் முழுதும் தேடும் செடி இது. மெல்லிய கிளையின் இருபுறமும் சிற்றிலைகள். அவற்றின் கீழே வரிசையாகத் தொங்கும் சிறு காய்கள். நூற்றாண்டுக்கு மேலாக நூல்கள் அனைத்தும் இதை பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. அந்தப் பெயர் லின்னேயஸ் 1753இல் தந்தது. 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர் இப்பேரினத்தை ஆராய்ந்தபோது, லின்னேயஸின் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பது தெளிவாயிற்று. அப்படியானால் இந்தியச் செடி எது என்ற கேள்வி எழுந்தது. மாதிரிகளைப் பிரித்தபோது அது ஒன்றாக இல்லை, மூன்றாக இருந்தது.

முதலாவது பில்லாந்தஸ் அமாரஸ். இதை 1827இல் விவரித்தவர்கள் ஷூமாக்கரும் தோன்னிங்கும். மாதிரி வந்தது இன்றைய கானாவிலிருந்து. பூவிதழ் ஐந்து, பல கணுக்களில் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் இணையாக இருக்கும். இரண்டாவது, வெப்ஸ்டரே 1955இல் பெயரிட்ட பில்லாந்தஸ் ஃப்ரேட்டெர்னஸ், இதழ் ஆறு. மூன்றாவது பில்லாந்தஸ் டெபிலிஸ். தரங்கம்பாடி க்ளைனின் செடியைக் கொண்டு வில்டெனோ 1805இலேயே வெளியிட்டிருந்த பெயர் இது. அதாவது தமிழ்நாட்டுக் கீழாநெல்லிகளில் ஒன்றுக்குச் சரியான பெயர் தரங்கம்பாடியிலிருந்து போய் அச்சாகி ஒன்றரை நூற்றாண்டு, நிரூரி என்ற தவறான பெயரின் நிழலில் கிடந்தது.

இது சொற்களைப் பற்றிய சச்சரவு அல்ல. கீழாநெல்லியின் வேதிப்பொருள்களையும் ஈரலில் அதன் செயலையும் ஆராய்ந்த கட்டுரைகள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்துள்ளன. பழைய கட்டுரை ஒன்றில் நிரூரி என்று இருந்தால், ஆராயப்பட்டது அமெரிக்கச் செடியா, அமாரஸா, டெபிலிஸா என்பதைப் பெயர் சொல்லாது. ஆய்வாளர் தாம் பயன்படுத்திய செடியின் ஒரு கிளையை உலர்த்தி, எண்ணிட்டு, ஓர் உலர்தாவரகத்தில் வைத்திருந்தால் அதை எடுத்து இதழை எண்ணிப் பார்த்துவிடலாம். வைக்காதவரின் முடிவுகளை எந்தச் செடிக்கு உரிமையாக்குவது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தமிழில் வரும் மூலிகை நூல்கள் பல இன்னும் நிரூரியையே அச்சிடுகின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதால் வரும் இந்தத் தொடர்ச்சியை நிறுத்துவது பதிப்பாளர்களின் கடமை.

நாட்டு வழக்கு இதில் எங்கே நிற்கிறது? கீழாநெல்லி என்ற பெயர் மூன்றையும் சேர்த்தே குறிக்கிறது. அதே பேரினத்தின் பில்லாந்தஸ் மதராஸ்பட்டன்சிஸ் என்ற செடியை மட்டும் மேலாநெல்லி என்று பிரித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை நாட்டு வகைப்பாடு விடவில்லை. உருப்பெருக்கி இருந்தால்தான் தெரியும் வேறுபாட்டில் அது நின்றுவிட்டது. அந்த எல்லை நியாயமானதே.

மாறும் பேரினங்கள்

சிற்றினத்துக்கு மூலமாதிரி இருப்பதுபோல, பேரினத்துக்கு ஒரு மூலச் சிற்றினம் உண்டு. பேரினம் உடையும்போது மூலச் சிற்றினம் இருக்கும் துண்டுக்கே பழைய பெயர் போக வேண்டும். அக்கேசியா விஷயத்தில் இந்த விதிக்கு விலக்கு அளிக்கப்பட்டது; அதன் விளைவு நம் கருவேலங்காட்டில் தெரிகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட அக்கேசியா ஒரே மூதாதையின் வழிவந்த கூட்டம் அல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டின. மூலச் சிற்றினமாக இருந்தது கருவேல். விதிப்படி அக்கேசியா என்ற பெயர் கருவேலின் கூட்டத்துக்கு உரியது. ஆனால் சிற்றினங்களில் மிகப் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவில் இருந்ததால், பெயர் மாற்றத்தின் அளவைக் குறைக்க 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு மூலச் சிற்றினத்தையே மாற்றி ஓர் ஆஸ்திரேலியச் செடியை அந்த இடத்தில் வைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தும், 2011இல் மெல்பர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது. கருவேல் வச்செல்லியா நிலோட்டிகா ஆயிற்று. வெள்வேலும் குடைவேலும் அதே பேரினத்துக்குப் போயின. சீயக்காயும் கருங்காலி எனப்படும் கேட்டச்சு மரமும் செனகாலியாவுக்குள் சென்றன.

வசதிக்காக எடுத்த முடிவு என்றாலும், பிரிப்பின் அறிவியல் உறுதியானது. கருவேலிலும் வெள்வேலிலும் இலைக்காம்பின் அடியில் இருபுறமும் நேர்முள் இணையாக நிற்கும். அது இலையடிச் செதிலின் மாற்றுரு. சீயக்காயின் முள்ளோ வளைந்து, கொடிமுழுதும் சிதறிக் கிடக்கும். வேல் என்ற பொதுப்பெயரைத் தமிழர் சீயக்காய்க்குக் கொடுக்கவே இல்லை. மாநாடுகளுக்கு நெடுங்காலம் முன்பே நாட்டு வகைப்பாடு இந்தப் பிரிவைச் செய்துவிட்டது.

சீமைக்கருவேலும் அண்மையில் பெயர் மாறியது. புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று அரசாணைகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் இடம்பெற்ற அம்மரம், 2022இல் வெளியான ஆய்வுக்குப் பின் நெல்ட்டுமா ஜூலிஃப்ளோரா என எழுதப்படுகிறது. கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னி மட்டும் புரோசோபிஸிலேயே இருக்கிறது. அயல் மரத்துக்கும் மண்ணின் மரத்துக்கும் இதுவரை ஒரே பேரினப் பெயர் இருந்தது, இப்போது பிரிந்துவிட்டது.

குறிஞ்சியின் கூட்டம் இன்னும் சிக்கலானது. ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் பல சிற்றினங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடிபவை. நீலக்குறிஞ்சியின் இடைவெளி 12 ஆண்டு. 2006க்குப் பின் 2018இல்தான் மலைகள் நிறம் மாறின. இந்தப் பேரினத்தைப் பிரிப்பதற்குப் பூவும் மகரந்தமும் தேவை. பூக்காத ஆண்டில் எடுத்த கிளை எவ்வளவு அழகாக உலர்ந்தாலும் பல வேளைகளில் பெயர் சொல்ல உதவாது. ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்தில் ஒரு சிற்றினம் இரண்டோ மூன்றோ முறைதான் பூக்கும் என்பதால், பழைய மாதிரிகளின் மதிப்பு இங்கே மிக அதிகம். பிரெமெகாம்ப் 1944இல் மகரந்தத்தின் வடிவை முதன்மையாகக் கொண்டு இக்கூட்டத்தை ஐம்பதுக்கு மேற்பட்ட பேரினங்களாக உடைத்தார். பின்வந்த ஆய்வுகள் அவற்றில் பெரும்பாலானவற்றை மறுபடி ஸ்ட்ரோபிலாந்தஸுக்குள் சேர்த்துவிட்டன.

குடும்ப அளவிலும் இதே அசைவு நடந்திருக்கிறது. இந்திய உலர்தாவரகங்களின் அலமாரிகள் பெரும்பாலும் பெந்தாம், ஹூக்கர் 1862 முதல் 1883 வரை வகுத்த வரிசையில் உள்ளன. 1998 முதல் வெளிவரும் ஏ.பி.ஜி. (பூக்கும் தாவர இனவழிக் குழு) வகைப்பாடு டி.என்.ஏ. ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது. அதன்படி எருக்கு அரளியின் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. நொச்சியும் தேக்கும் துளசியின் குடும்பத்துக்குள் வந்தன. தாமரைக்கும் அல்லிக்கும் நெருங்கிய உறவு இல்லை. தாமரையின் உயிருள்ள நெருங்கிய உறவுகளில் ஒன்று, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக். குளத்துக் கொடியையும் மலைமரத்தையும் ஒரே வரிசையில் வைப்பதற்குக் கண்ணின் சாட்சி ஒருபோதும் போதியிராது.

புதிய சிற்றினம் பதிவாகும் முறை

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய சிற்றினங்கள் இன்றும் விவரிக்கப்படுகின்றன. களத்தில் பூவும் காயும் உள்ள கிளை வெட்டப்பட்டுச் செய்தித்தாள்களுக்கு இடையே அழுத்தி உலர்த்தப்படுகிறது. நிறம், மணம், பால் வடிதல் போன்றவை உலர்ந்தபின் தெரியாமல் போகும் என்பதால் அங்கேயே குறிக்கப்படும். காட்டுக் காசித்தும்பைகளின் பூக்கள் உலர்த்தினால் உருக்குலைந்துவிடும். அவற்றுக்குச் சாராயக் கரைசலில் இட்ட பூக்களும் படங்களும் இன்றியமையாதவை. சேகரிப்பாளரின் தொடர் எண், நாள், இடம், உயரம் ஆகியவை சீட்டில் எழுதப்படும். பின்னர் தாவரநூல்களின் திறவுகோலைக் கொண்டு ஆய்வு தொடங்கும். இலை எதிரெதிரா, மாற்றொழுங்கா, சூலகம் மேலா, கீழா என்று இரண்டிரண்டு கேள்வியாக வழி பிரியும். திறவுகோல் எங்கும் பொருந்தாமல் நின்றால்தான் ஒப்பீட்டு வேலை தொடங்கும். கியூ, எடின்பரோ மாதிரிகளின் உயர்தரப் படங்கள் இணையத்தில் கிடைப்பது இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த பெரும் பேறு.

முடிவு உறுதியானால் ஒரு மாதிரி முதன்மை மூலமாதிரியாகக் குறிக்கப்பட்டு ஒரு நிறுவனத்தில் வைக்கப்படும். அதே சேகரிப்பின் இணைமாதிரிகள் மற்ற இடங்களுக்குப் போகும். 1935 முதல் 2011 முடிய விளக்கம் இலத்தீனில் இருந்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. 2012 சனவரி முதல் ஆங்கிலமும் போதும். மின்னிதழில் வந்த வெளியீடும் செல்லும்.

நாட்டுப்பெயரின் பதிவு

அகத்தியமலையில் வளரும் ட்ரைக்கோபஸ் சைலானிகஸ் என்ற சிறு செடிக்கு 1788இலேயே அறிவியல் பெயர் கிடைத்துவிட்டது. அதன்பின் இரண்டு நூற்றாண்டு அச்செடியைப் பற்றி நூல்கள் சொன்னது உருவமும் வாழிடமும்தான். 1987இல் திருவனந்தபுரம் பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆய்வாளர்கள் காணிப் பழங்குடி மக்களோடு அம்மலையில் நடந்தபோது, வழிகாட்டிகள் களைப்பு தெரியாமல் ஏறுவதற்கு இதன் காயைத் தின்றார்கள். அப்போதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற பெயரும் பயனும் வெளியே வந்தன. அதிலிருந்து ஒரு மருந்து உருவாகி, அதன் வருவாயில் காணி மக்களுக்குப் பங்கு தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. இலத்தீன் பெயர் செடியைப் பிற செடிகளிலிருந்து பிரித்துக் காட்டியது. மனிதருக்கும் செடிக்கும் உள்ள உறவு காணி மக்களின் பெயரில் மட்டுமே இருந்தது.

ஆயினும் தாவரநூல்களில் நாட்டுப்பெயர் பெரும்பாலும் ஒரு வரிப் பட்டியலாகவே வருகிறது. எந்த ஊரில், எந்தச் சமூகத்தார் சொன்னது என்பது இருப்பதில்லை. முந்திய நூலிலிருந்து எடுத்ததா, களத்தில் கேட்டதா என்றும் தெரிவதில்லை. கொல்லிமலையின் சொல்லும் நெல்லைக் கரிசல்காட்டின் சொல்லும் ஒரே பட்டியலில் கலந்துவிடுகின்றன. இலத்தீன் பெயருக்கு விதித்த அதே ஒழுங்கை நாட்டுப்பெயருக்கும் விதிப்பது கடினமான காரியம் அல்ல. சீட்டில் சேகரிப்பு எண்ணுக்குக் கீழே பெயரைத் தமிழ் எழுத்திலேயே, பேசுவோர் ஒலிக்கும் வடிவில் எழுதலாம். ஊரையும் சமூகத்தையும் குறிக்கலாம். சொன்னவரின் இசைவோடு பயனையும் சேர்க்கலாம். அதே சொல்லால் அவ்வூரார் சுட்டும் மற்றொரு செடி இருந்தால் அதையும் தனி மாதிரியாக எடுத்து, இரண்டு சீட்டுகளிலும் ஒன்றின் எண்ணை மற்றொன்றில் குறிக்கலாம். கீழாநெல்லியின் மூன்று சிற்றினங்களும் எந்தெந்த ஊரில் மருந்தாகின்றன என்ற கேள்விக்கு, இவ்வாறு பதிவான தாள்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தே விடை சொல்ல முடியும்.